வெளிநாடு கிளம்புறீங்களா? காசு எவ்வளவு, கார்டு எது: காரைக்குடி பக்கத்து ஆளுகளுக்கு முழு வழிகாட்டி

நம்ம பக்கம் யாராச்சும் சிங்கப்பூர், மலேசியா, கொழும்புன்னு கிளம்பினா யோசனை சொல்றவங்க ரெண்டு கட்சியா நிப்பாங்க. பெரியவங்க "எல்லாத்தையும் டாலரா மாத்தி இடுப்புப் பையில வச்சுக்க, அதுதான் பத்திரம்"ம்பாங்க, பெங்களூர்ல வேலை பாக்குற பிள்ளைக "காசு எதுக்கு, கார்டு தேய்ச்சுக்கிட்டே போய்ட்டு வந்துரலாம்"ம்பாங்க. எந்தக் கட்சி பேச்ச முழுசா கேட்டாலும் எங்கயாச்சும் ஒரு இடத்துல மாட்டுவீங்க. ஒவ்வொரு செலவையும் பிரிச்சு, இது கார்டுல இது காசுலன்னு வீட்டுலயே உக்காந்து முடிவு பண்ணிட்டு கிளம்பணும், அதை எப்படி பண்றதுன்னுதான் இங்க ஒண்ணு ஒண்ணா எழுதுறேன், நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

வெளிநாட்டுப் பணம் நம்ம ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. பர்மா, மலாயா, சிலோன்னு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போன ஊரு இது. ஐஓபி பேங்க்கை கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ல ஆரம்பிச்சப்ப காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு மூணு ஊர்லயும் ஒரே நேரத்துல கிளை தொறந்தாங்க, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்குன்னே யோசிச்சு தொடங்குன பேங்க் அது. அந்த ஊர்லேர்ந்து போற நாம ஏர்போர்ட் கவுன்டர்ல சொன்ன ரேட்டுக்கு தலையாட்டிட்டு வர்றது எனக்கு மனசு கேக்காது.

1. மொதல்ல ஒரு நோட்டுல ரெண்டு பத்தி போடுங்க

தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை போறீங்கன்னு வச்சுக்குவோம். ஹோட்டல், ரயில் டிக்கெட், ஊர் சுத்துற டிக்கெட், பெரிய கடையில வாங்குற சாமான், ஆஸ்பத்திரி (வேணாம், ஆனா வந்தா), இதெல்லாம் கார்டு பத்தி. அர்ச்சனை சீட்டு, உண்டியல், வெள்ளி ரதம் வர்ற வழியில உடைக்கிற தேங்காய், ரோட்டுக்கடை மீ கோரெங், டீ, சந்தையில வாங்குறது, சொந்தக்காரங்க வீட்டு பிள்ளைக கையில வைக்கிற பணம், இதெல்லாம் காசு பத்தி. மலேசியாவுல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஹோட்டல்ல ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி இருக்கு, ஆன்லைன்ல புக் பண்ணி முழுப்பணம் கட்டியிருந்தாலும் இதை கவுன்டர்ல தனியா கேக்கலாம், அதையும் எழுதி வச்சுக்குங்க.

காசு பத்தியைக் கூட்டிப் பாருங்க, அதுக்கு மேல கால் பங்கு சேத்துக்குங்க, அதுதான் நீங்க நோட்டா கொண்டு போக வேண்டியது. பெரும்பாலும் நீங்க நினைச்சத விட கம்மியாத்தான் வரும்.

2. சட்டம் எவ்வளவு விடுது

இது தெரியாமதான் நிறைய பேர் பயப்படுறாங்க, இல்லாட்டி பயப்படாம தப்பு பண்றாங்க. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு ஒருத்தர் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு வெளிநாட்டு நோட்டு வாங்கிக்கலாம், அதுக்கு மேல வேணும்னா ஃபாரெக்ஸ் கார்டுலதான் (முன்னாடியே வெளிநாட்டுப் பணத்தை ஏத்தி வச்சுக்கிற கார்டு) ஏத்திக்கணும். நம்ம ரூபாய் நோட்டு 25,000 வரைக்கும் கையில கொண்டு போகலாம், திரும்ப கொண்டும் வரலாம் (பாகிஸ்தான், பங்களாதேஷ் போறவங்களுக்கு இது பொருந்தாது). பயணத்துக்கு 60 நாளைக்கு முன்னாடிலேர்ந்துதான் வாங்க முடியும். 50,000 ரூபாய்க்கு மேல மாத்துறீங்கன்னா ரூபாயை ரொக்கமா கொடுக்க முடியாது, அக்கவுன்ட்லேர்ந்துதான் போகணும். பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், விசா வேணும்கிற நாடுன்னா விசா, எல்லாத்துக்கும் நகல் எடுத்துட்டே போங்க.

வரிக் கணக்குல ஒரு விஷயம். ஒரு நிதியாண்டுல ஒருத்தர் வெளிநாட்டுக்கு அனுப்புறது, மாத்துறது எல்லாம் கூட்டி 10 லட்சம் தாண்டினா, தாண்டின தொகைக்கு பயணச் செலவுன்னா 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிப்பாங்க, படிப்பு, மருத்துவத்துக்கு சதவீதம் கம்மி. 2025 ஏப்ரல்லேர்ந்து இந்த 10 லட்சம், அதுக்கு முன்னாடி 7 லட்சமா இருந்துச்சு. பயணச் செலவுக்கு மட்டும்னா நம்மள்ல பல பேருக்கு அது தொடாது, ஆனா அதே வருஷம் பிள்ளைக்கு வெளிநாட்டுல படிப்புச் செலவு, வீட்டுச் செலவுன்னு அனுப்பியிருந்தா எல்லாத்தையும் சேத்து எவ்வளவு ஆச்சுன்னு ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பிடிச்சாலும் போயிராது, ரிட்டர்ன் போடுறப்ப கழிச்சுக்கலாம். கிரெடிட் கார்டை வெளிநாட்டுல போய் தேய்க்கிறது இப்போதைக்கு இந்தக் கணக்குல வராது, டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் வரும்.

இன்னொண்ணு, இதை அழுத்தியே சொல்றேன். "இங்க ரூபாயைக் கொடு, அங்க நம்ம ஆளு வெள்ளியா (சிங்கப்பூர் டாலரா) கொடுத்துருவான், ரேட்டும் நல்லா இருக்கும்"னு உண்டியல் (ஹவாலா) வழியில சொல்றவங்க இன்னும் இருக்காங்க. நம்ம ஐயாமாரு காலத்துல உண்டியல்ங்கிறது ஊரறிஞ்ச, மரியாதைப்பட்ட தொழில், ஏட்டுல வரவு செலவு இருக்கும். இன்னைக்கு அதே வேலை ஃபெமாங்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி குத்தம், மாட்டுனா மாத்துன தொகையப் போல மூணு மடங்கு வரைக்கும் அபராதம் போடலாம், கொடுத்தவனும் பதில் சொல்லணும். ரெண்டு ரூபா ரேட்டுக்காக அதுல போய் விழாதீங்க.

3. நோட்டு எங்க மாத்துறது

ஏர்போர்ட் கவுன்டரை கடைசி வழின்னு வச்சுக்குங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே காரைக்குடியிலயோ திருச்சியிலயோ பேங்க் ஒண்ணு, ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் வச்ச மணி சேஞ்சர் ரெண்டு, மூணு இடத்துலயும் ஒரே நாள்ல, ஒரே மணி நேரத்துல கேளுங்க. கேக்குற விதம் முக்கியம். "இன்னைக்கு ரேட் என்ன"ன்னு கேக்காதீங்க, "500 சிங்கப்பூர் வெள்ளி என் கையில வர நான் எல்லாம் சேத்து எவ்வளவு கட்டணும்"னு கேளுங்க. ரேட்டை நல்லா சொல்லிட்டு சர்வீஸ் சார்ஜ்ல எடுக்கிறவங்க இருக்காங்க, கடைசித் தொகையைக் கேட்டா எல்லாம் வெளிய வந்துரும். ஜிஎஸ்டி இதுல ரொம்பச் சின்னது, 1 லட்சம் வரைக்கும் மாத்துற தொகையில 0.18 சதவீதம், குறைஞ்சது 45 ரூபாய், அதனால "ஜிஎஸ்டி 18 பர்சன்ட் ஆச்சே"ன்னு யாராச்சும் மொத்தத் தொகையில கணக்கு போட்டா பில்லைக் கேளுங்க. பில் எப்படியும் வேணும், மிச்சத்தை திரும்ப மாத்துறப்ப உதவும்.

எந்த நாட்டு நோட்டு? சிங்கப்பூர் வெள்ளியும் ரிங்கிட்டும் திருச்சி பக்கம் புழக்கம் அதிகம், நேரா அதையே வாங்குங்க. சிங்கப்பூர்ல லிட்டில் இந்தியாவுல முஸ்தபா பக்கம் நம்ம ரூபாயையே மாத்துற கடைக வரிசையா இருக்கு, அதனால அனுமதிச்ச 25,000க்குள்ள கொஞ்சம் ரூபாய் கையில இருந்தாலும் அங்க வழி உண்டு. தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா போறவங்க இங்கயே அந்த நாட்டு நோட்டு தேடி அலையாதீங்க, 100 டாலர் நோட்டா வாங்கிட்டுப் போய் அங்க ஊருக்குள்ள மாத்துங்க. நோட்டு புதுசா, மடிப்பு, கிறுக்கல், சீல் இல்லாம இருக்கணும், பழைய சின்னத் தலை டாலரை (தலைவர் படம் சின்னதா இருக்கிற நோட்டு) பல ஊர்ல வாங்கவே மாட்டாங்க, 5, 10 டாலர் சின்ன நோட்டுக்கு ரேட்டும் குறைப்பாங்க. கவுன்டர்லயே ஒண்ணு ஒண்ணா பிரிச்சுப் பாத்து, சரியில்லாததை அங்கயே திருப்பிக் கொடுத்துருங்க, கூச்சப்படாதீங்க.

4. கார்டு: இங்கதான் பணம் போறதும் மிச்சமாகுறதும்

வெளிநாட்டுல கார்டு தேய்ச்சா பேங்க் "ஃபாரெக்ஸ் மார்க்கப்"னு ஒண்ணு போடும், பெரும்பாலும் 2லேர்ந்து 3.5 சதவீதம், அதுக்கு மேல அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கணக்கு போட்டே காட்டுறேன். ஹோட்டல் பில் 200 சிங்கப்பூர் வெள்ளி, விசா, மாஸ்டர்கார்டு ரேட் ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய்னு வைங்க (இது கணக்குக்கு வச்ச ரேட்தான்), அப்ப அசல் 13,000.

3.5 சதவீத கார்டுன்னா மார்க்கப் 455, ஜிஎஸ்டி 81.90, மொத்தம் 13,536.90. 2 சதவீத கார்டுன்னா மார்க்கப் 260, ஜிஎஸ்டி 46.80, மொத்தம் 13,306.80. மார்க்கப்பே இல்லாத கார்டும் சில பேங்க் தர்றாங்க, அதுல 13,000த்தோட முடிஞ்சுரும். அதே 200 வெள்ளியை கவுன்டர்ல 66.50க்கு நோட்டா வாங்கியிருந்தா 13,300, ஜிஎஸ்டி 45, மொத்தம் 13,345. ஆக காசுன்னா மலிவு, கார்டுன்னா விலை கூடன்னு பொத்தாம்பொதுவா சொல்ல முடியாது, உங்க கையில இருக்கிற கார்டு எதுங்கிறதப் பொறுத்துதான் இருக்கு. இன்னைக்கே பேங்க் ஆப்ல போய் உங்க கார்டுக்கு மார்க்கப் எத்தனைன்னு பாருங்க, இந்த வழிகாட்டியில வேற எதையும் செய்யலைன்னாலும் இதைச் செய்யுங்க.

ஃபாரெக்ஸ் கார்டுங்கிறது முன்னாடியே வெளிநாட்டுப் பணமா ஏத்தி வச்சுக்கிறது. ஏத்துற அன்னைக்கு ரேட் நின்னுரும், தொலைஞ்சா உங்க சேமிப்பு அக்கவுன்ட்டை யாரும் தொட முடியாது, பெரியவங்க தனியா போறாங்கன்னா நான் இதத்தான் சொல்லுவேன், இங்கேர்ந்து பிள்ளைக ஆன்லைன்லயே பணம் ஏத்திவிடலாம். ஆனா டாலர் மட்டும் ஏத்திட்டு ரிங்கிட்ல செலவு பண்ணுனா மாற்று நாணயக் கட்டணம்னு திரும்பவும் தனியா பணம் போகும், அதனால போற நாட்டு நாணயத்தையே ஏத்தணும். மிச்சத்தை ரூபாயா மாத்துறப்ப ரேட் இறங்கும்கிறதால அளவா ஏத்துங்க.

கிரெடிட் கார்டு ஹோட்டலுக்கும் வாடகை காருக்கும் கட்டாயம் வேணும். ஹோட்டல்ல முன்பணமா ஒரு தொகையை பிளாக் பண்ணுவாங்க, கிரெடிட் கார்டுன்னா லிமிட்தான் கொஞ்ச நாள் குறையும், டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தா உங்க சொந்தப் பணம் மாட்டிக்கிட்டு ரூமைக் காலி பண்ணி ஊருக்கு வந்த பெறகும் வராம இருக்கும். ஆனா கிரெடிட் கார்டை வச்சு ஏடிஎம்ல பணம் எடுத்துராதீங்க, எடுத்த நிமிஷத்துலேர்ந்து வட்டி, தனிக் கட்டணம், மார்க்கப், மூணும் ஒண்ணா விழும்.

ரூபே கார்டு மட்டும் வச்சிருக்கவங்க கூட ஒரு விசாவோ மாஸ்டர்கார்டோ எடுத்துக்குங்க, ரூபே எல்லா மெஷின்லயும் எடுக்காது.

5. கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல செய்ய வேண்டியது

2020லேர்ந்து புதுசா தர்ற கார்டுகள்ல வெளிநாட்டு உபயோகம் ஆஃப் ஆகித்தான் வரும், ஆப்ல போய் நாமதான் ஆன் பண்ணணும். கடையில தேய்க்கிறது, ஏடிஎம், ஆன்லைன், தட்டுறது, நாலுக்கும் தனித்தனி பட்டன், தனித்தனி லிமிட். ஏடிஎம்முக்கு லிமிட்டைக் குறைச்சு வைங்க, கடைக்கு ஹோட்டல் பில் அளவுக்கு வைங்க.

ஓடிபி வர்ற நம்பர்ல ரோமிங் ஆன் ஆகியிருக்கணும், அங்க போய் உள்ளூர் சிம் போட்டு நம்ம சிம்மைக் கழட்டி பெட்டிக்குள்ள போட்டுட்டா அவசரத்துக்கு ஓடிபி வராது. பேங்க்கோட 1800 நம்பர் வெளிநாட்டுலேர்ந்து பெரும்பாலும் போகாது, +91 போட்டு ஆரம்பிக்கிற நம்பரைத் தேடி ஒரு துண்டுத் தாள்ல எழுதி பாஸ்போர்ட் உறைக்குள்ள வைங்க, போனே தொலைஞ்சாலும் அது இருக்கும்.

பெரியவங்களுக்கு பின் நம்பரை மனப்பாடம் ஆகுற வரைக்கும் நம்ம ஊர் கடையிலயே நாலு தடவை போட வைங்க. கார்டு உறையிலயே பின் நம்பரை எழுதி வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல நிறைய இருக்கு, அதை கிளம்புறதுக்கு முன்னாடி கிழிச்சுப் போடுங்க.

6. அங்க போனப்புறம்: மெஷின் திரையில வர்ற ரெண்டு வரி

இதை கிட்டத்துலேர்ந்து காட்டுறேன். சிங்கப்பூர்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை, பெரியாத்தா பேரனுக்கு டேப்லெட் எடுத்துட்டு கார்டை நீட்டுறாங்க, மெஷின் திரையில ரெண்டு வரி வருது, மேல ஐஎன்ஆர் (நம்ம ரூபாய்) 13,780, கீழ எஸ்ஜிடி (சிங்கப்பூர் வெள்ளி) 200.00. கடைப் பையன் "ருப்பீஸ் ஓகேவா ஆன்ட்டி"ன்னு கேட்டுக்கிட்டே விரலை மேல் வரிக்குக் கொண்டு போறான், நம்ம காசுல தெரியுதேன்னு பெரியாத்தாவும் சரிம்பாங்க. அங்க கையை நீட்டி நிறுத்தணும். "வேணாம் தம்பி, வெள்ளியிலயே போடுங்க."

ஏன்னா அந்த மேல் வரியில ரேட்டைப் போட்டது உங்க பேங்க் இல்ல, கடை மெஷின் பின்னாடி இருக்கிற கம்பெனி. மேல போட்ட கணக்கைப் பாருங்க, 3.5 சதவீத மோசமான கார்டுல வெள்ளியில போட்டாக்கூட 13,536.90தான். இதுக்கு மேல, ரூபாய்ல போட்டாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைன்னு தனியா கட்டணம் எடுக்கிற நம்ம ஊர் பேங்குகளும் இருக்கு. இதே கேள்வி ஏடிஎம்லயும் ஹோட்டல்லயும் வரும், ஹோட்டல்ல சில நேரம் கேக்காமயே ரூபாய்ல போட்டு சீட்டை நீட்டுவாங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி என்ன நாணயம்னு பாத்துட்டு, ரூபாயா இருந்தா கேன்சல் பண்ணி திரும்ப போடச் சொல்லுங்க. எந்த நாடா இருந்தாலும் அந்த நாட்டு நாணயம், இதுல விதிவிலக்கே கிடையாது.

ஏடிஎம்ல எடுக்கிறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க, அந்த ஊர் பேங்க் ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் போடும். தாய்லாந்துல ஒரு தடவைக்கே 220 பாட், அதுக்கு மேலயும் போகுது, 1,000 பாட் எடுக்க 220 கொடுத்தா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க.

7. ஊருக்கு ஊர்

சிங்கப்பூர்: எம்ஆர்டி ரயில், பஸ் எல்லாம் கார்டைத் தட்டியே போகலாம், ஆனா ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டைத் தட்டி ரெண்டு பேர் போக முடியாது, வெளிநாட்டுக் கார்டுக்கு சின்னதா ஒரு நாள் கட்டணமும் உண்டு, நாலு பேர் குடும்பம்னா அங்கயே பயண அட்டை வாங்கிர்றது நல்லது. ஹாக்கர் சென்டர்ல (சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைக சேந்த இடம்) உள்ளூர்க்காரங்க க்யூஆர் ஸ்கேன் பண்ணுவாங்க, நமக்கு காசுதான் சுலபம், 2, 5, 10 வெள்ளி நோட்டா வச்சுக்குங்க. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கும் அதேதான், 1859லேர்ந்து நம்ம நகரத்தார் கோயில், செட்டி பூசத்துக்குப் போறவங்க சில்லறையோட போங்க. அங்க இருக்கிற சொந்தக்காரங்களுக்குப் பணம் தரணும்னா நோட்டா சுமக்கவே வேணாம், 2023 பிப்ரவரிலேர்ந்து யூபிஐயும் அதே மாதிரி அங்க இருக்கிற பேநவ்வும் இணைச்சிருக்காங்க, ஐஓபி, இந்தியன் பேங்க், ஸ்டேட் பேங்க் மாதிரி சில பேங்க் ஆப்லேர்ந்தே ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரைக்கும் அனுப்பலாம்.

மலேசியா: கோலாலம்பூர் மால்ல கார்டு போதும், கெடா, பேராக் பக்கம் சின்ன ஊருக்குப் போறவங்க கையில ரிங்கிட் இல்லாம போகாதீங்க.

இலங்கை: 2024 பிப்ரவரி 12லேர்ந்து நம்ம யூபிஐ அங்க லங்கா க்யூஆர் கடைகள்ல வேலை செய்யுது. போறதுக்கு முன்னாடி ஆப்ல யூபிஐ இன்டர்நேஷனலை ஆன் பண்ணணும், பணம் போறதுக்கு முன்னாடி ரூபாய்ல எவ்வளவுன்னு காட்டும், அதைப் பாத்துட்டு அமுக்குங்க. கொழும்பு செட்டியார் தெருவுல நகை வாங்குறவங்க பெரிய தொகையைக் கார்டுல போடுறப்ப கடைக்காரர் கார்டுக்குன்னு தனியா சதவீதம் சேக்குறாரான்னு பேரம் முடியுறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. இலங்கை ரூபாயை நம்ம ஊர்ல மாத்துறது கஷ்டம், மிச்சத்தை கொழும்பு ஏர்போர்ட்லயே மாத்திருங்க, மாத்துன ரசீதை வச்சிருங்க.

வியட்நாம்: 20,000 டாங், 500,000 டாங் ரெண்டு நோட்டும் நீல நிறம், இருட்டுல டாக்சிக்காரருக்கு மாத்திக் கொடுத்தா போச்சு. பெரிய நோட்டைத் தனிப் பையில வைங்க, பூஜ்யத்தை எண்ணிட்டுக் கொடுங்க.

ஐரோப்பா, அமெரிக்கா பிள்ளைக வீட்டுக்குப் போறவங்களுக்கு கார்டுதான் எல்லாம், ஸ்வீடன்ல நோட்டைப் பாத்தாலே வேணாம்னு சொல்ற கடைக இருக்கு, ஜெர்மனியில அதுக்கு நேர் மாறா காசு மட்டும்னு போர்டு வச்ச கடைகளும் இருக்கு. ஐரோப்பிய யூனியனுக்குள்ள 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ, அமெரிக்காவுக்கு 10,000 டாலருக்கு மேல, சிங்கப்பூருக்கு 20,000 வெள்ளிக்கு மேல ரொக்கம் கையில இருந்தா அங்க எழுதிக் கொடுக்கணும். கொண்டு போறது குத்தம் இல்ல, சொல்லாம போறதுதான் குத்தம்.

8. எங்க வைக்கிறது

முகப்புக் கதவுக்கும் கொல்லைக் கதவுக்கும் ஒரே சாவி வச்சு அதையும் ஒரே ஆணியில மாட்டுவோமா, அதே மாதிரிதான் இதுவும். ஒரு கார்டு பர்ஸ்ல, இன்னொண்ணு ஹோட்டல் லாக்கர்ல, ரெண்டும் வேற வேற பேங்க்கா இருக்கட்டும். நோட்டை புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பிரிச்சு வைங்க. அன்னைக்குச் செலவுக்கு மட்டும் சின்னப் பர்ஸ், இடுப்புப் பையை கடையில எல்லாரும் பாக்க தொறக்காதீங்க. பெரியாத்தாமாரு முந்தானையில முடிஞ்சு வைக்கிற காசு டாக்சிக்கும் தண்ணிக்கும் சரி, 100 டாலர் நோட்டை அதுல முடிய வேணாம், கசங்குனா மாத்த மாட்டாங்கன்னு சொல்லிப் புரிய வைங்க.

கார்டு காணோம்னா மொத வேலை ஆப்ல லாக் பண்றது, அப்புறம்தான் தேடுறது.

9. திரும்பி வந்து

மிச்ச நோட்டு 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் அடுத்த பயணத்துக்குன்னு வீட்டுலயே வச்சுக்கலாம், அதுக்கு மேல இருக்கிறதை 180 நாளுக்குள்ள பேங்க்லயோ மணி சேஞ்சர்கிட்டயோ கொடுத்துரணும். காசு, அதாவது நாணயத்தை, இங்க யாரும் வாங்க மாட்டாங்க, கடைசி நாள் காப்பிக்கும் கோயில் உண்டியலுக்கும் அதை முதல்ல செலவு பண்ணிருங்க.

வெளிநாட்டுச் சீட்டுகளை உடனே தூக்கிப் போட்டுராதீங்க. ஹோட்டல் பிளாக் பண்ணுன தொகை திரும்பிருச்சா, ஒரே பில் ரெண்டு தடவை விழுந்திருக்கான்னு கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வந்ததும் சீட்டை வச்சு வரி வரியா டிக் அடிங்க, தெரியாத தொகை ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே பேங்க்ல புகார் எழுதிக் கொடுத்து புகார் நம்பரை வாங்கி வைங்க. அடுத்த ஸ்டேட்மென்ட்டும் பாத்த பெறகு சீட்டைக் கிழிச்சா போதும், வெளிநாட்டு ஹோட்டல் கணக்கு சில நேரம் தாமதமாத்தான் விழும்.